ஈறில் ரத்தம்: பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போடலாமா?

பேறுகால_செவிலி:

கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் பல், ஈறு பற்றி அரை மணி நேரம் பேசுவதற்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். கையில் இருக்கும் பழைய குறிப்பில் "தினமும் இரண்டு வேளை பல் துலக்கவும், பல் மருத்துவரை அணுகவும்" என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லை. வகுப்பில் வருகிற கேள்விகளுக்கு அது பற்றாது. திரும்பத் திரும்ப வருபவை இவை:

ரத்தம் கசிகிற இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவைத்தால் ஆறிவிடுமா? மசக்கையில் பிரஷை உள்ளே விட்டாலே ஓங்கரிக்கிறதே, என்ன செய்வது? ஸ்கேலிங் (பல்லில் இறுகிப்போன அழுக்கைச் சுரண்டி எடுப்பது), எக்ஸ்ரே, மரப்பு ஊசி எல்லாம் எந்த மாதத்தில் ஆகும், எதில் ஆகாது? பல்வலிக்கு என்ன மாத்திரை? வயிற்றில் இருக்கும் குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

கடைசியாக ஒன்று, இது என்னுடைய சந்தேகம். "ஈறுநோயைக் கவனிக்காவிட்டால் குறைப்பிரசவம் ஆகும்" என்று பழைய குறிப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதை அப்படியே விடலாமா?

அளவு, நாள், மருந்தின் பெயர் சொல்லி எழுதுங்கள். "மருத்துவரைக் கேட்கவும்" என்பதை நானே போட்டுக்கொள்கிறேன்.

----

ஈறும்_எலும்பும்:

முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. விட்டுவைத்தால் ஆறாது, கூடும்.

ரத்தம் வருவது பிரஷ் பட்டதால் அல்ல. ஈறோரத்தில் பல்லை ஒட்டி வெளிர்மஞ்சளாக, குழைத்த மாவு போல ஒரு படலம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் நக நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். பிளேக் என்று சொல்வது அதைத்தான், பெரும்பகுதி கிருமிகள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏற ஏற ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கசியத் தொடங்கும். முன்பு அதே படலத்தைப் பொறுத்துக்கொண்ட ஈறு இப்போது சிவந்து, உப்பி, தொட்டாலே ரத்தம் விடும். போதாக்குறைக்குப் பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்றொரு கிருமி, தன் வளர்ச்சிக்கு வேண்டிய வைட்டமின் கே-க்குப் பதிலாக இந்த ஹார்மோன்களையே பயன்படுத்திக்கொண்டு பெருகும். ஆனால் எரிவது படலத்தால்தான். ஹார்மோன் அதில் எண்ணெய் விடுகிறது, அவ்வளவுதான். படலம் சேராமல் பார்த்துக்கொண்ட ஈறில் கர்ப்பம் மட்டும் வந்து இவ்வளவு ரத்தத்தை உண்டாக்காது.

கர்ப்பிணிகளில் 60 முதல் 75 விழுக்காட்டினருக்கு இந்த ஈறழற்சி வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் தலைகாட்டி, எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும். ஆகவே ஐந்தாம் மாதத்தில் வந்து "பிரசவம் ஆனால் சரியாகிவிடுமா" என்று கேட்பவருக்கு இன்னும் மூன்று மாதம் ஏறுமுகம்தான்.

துலக்கும் முறையைக் குறிப்பில் படம் போட்டே காட்டுங்கள். மென்மையான நார், சிறிய தலை உள்ள பிரஷ். நார்முனையில் பாதி ஈறின் மேலும் பாதி பல்லின் மேலும் இருக்க வேண்டும், ஈறை நோக்கி 45 பாகை சாய்வு. அந்த இடத்திலேயே நார் வளையாத அளவுக்கு லேசாக வைத்து, முன்னும் பின்னும் சிறு நடுக்கம் போலப் பத்துத் தடவை அசைத்துவிட்டு, பிறகு கடிக்கும் முனையை நோக்கி உருட்டி எடுக்க வேண்டும். அடுத்த இரண்டு பல்லுக்கு நகரலாம். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம் பிரஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், முதலில் பிடிப்பது அங்கேதான், எல்லோரும் தாவிப்போவதும் அந்த இடத்தைத்தான். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. நார் ஒரு மாதத்திலேயே பூப்போல விரிந்துவிட்டால் அழுத்தித் தேய்க்கிறார் என்று அர்த்தம்.

பிரஷ் பல்லிடுக்குக்குள் போகாது, ஈறுநோய் ஆரம்பிப்பது இடுக்கில்தான். இடைவெளி இருக்கும் இடத்தில் இடுக்கு பிரஷ்: அழுத்தாமல் உள்ளே போய், நார் இரு பக்கப் பல்லையும் தொடுகிற அளவு. கம்பியே பல்லில் உரசினால் அந்த அளவு பெரிது. நெருக்கமான இடத்தில் ஃப்ளாஸ் நூல். நூலை நேராக இறக்கி ஈறை வெட்டாமல், ஒரு பல்லைச் சுற்றிப் பிறை போல வளைத்து, ஈறுக்கு ஒரு நூலிழை கீழே வரை இறக்கி மேலே இழுக்க வேண்டும். அடுத்து, அதே இடுக்கின் மறுபக்கப் பல். நாளுக்கு ஒரு தடவை போதும்.

இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாம் வீண்: முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் கூடினது போலத்தான் தெரியும். அங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். விடாமல் செய்தால் ஒரு வாரம், பத்து நாளில் கண்ணுக்குத் தெரிந்து குறையும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அதே இடத்தில் கசிந்தால், படலம் இறுகிக் காரையாகி ஈறுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அது எந்த பிரஷுக்கும் அசையாது, ஸ்கேலிங்தான்.

----

பல்_துப்புரவு:

மசக்கைக் கேள்விக்கு நான் சொல்றேன்.

வாந்தி எடுத்ததும் வாய் நாத்தம் பொறுக்காம உடனே பிரஷ் எடுக்குறதுதான் நிறையப் பேர் செய்யுற தப்பு. வயித்து அமிலம் பட்டதும் எனாமல் மேல்பக்கம் கொஞ்ச நேரத்துக்கு இளகி இருக்கும். வாயோட பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்னு அர்த்தம்) 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். வயித்து அமிலம் அதைவிட ரொம்பக் கீழே. அந்த நிலையில தேய்ச்சா இளகின பகுதி பிரஷோட போயிடும். ஒரு டம்ளர் தண்ணியில (250 மி.லி.) ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைச்சு, அரை நிமிஷம் கொப்பளிச்சுத் துப்பணும். சோடா இல்லேன்னா வெறும் தண்ணி. பிரஷ் அரை மணி நேரம் கழிச்சு, ஒரு மணி நேரம்னா இன்னும் நல்லது. அமிலம் அரிக்கிறது மேல் முன்பல்லோட உள்பக்கத்தை, நாக்கு தொடுற பக்கம். கண்ணாடியில நேரா பார்த்தா தெரியாது. பல் முனை மெலிஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற அளவுக்கு வந்தபிறகுதான் கவனிக்குறாங்க.

ஓங்கரிப்புக்கு: குழந்தைகள் பிரஷ் வாங்கிக்கலாம், தலை சின்னது. ஆனா பேஸ்ட் பெரியவங்களோடது, ஃப்ளூரைடு 1000 முதல் 1500 பிபிஎம் இருக்கணும். நுரை அதிகம் வராத, காரமான புதினா வாடை இல்லாத பேஸ்ட்டா பாருங்க. குமட்டலுக்கு நுரைதான் பாதிக் காரணம். பட்டாணி அளவுக்கு மேல வேண்டாம். தலையைக் கொஞ்சம் முன்னால குனிஞ்சு, மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு, முன்பல்லுல ஆரம்பிச்சுக் கடைவாய்க்குக் கடைசியில போகணும். மசக்கை அடங்குற வரைக்கும் நாக்கு வழிக்கிறதை விட்டுடலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது. காலையில எழுந்ததும்தான் துலக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. குமட்டல் குறைவா இருக்குற நேரம் பத்தரை மணின்னா பத்தரை மணிக்கே. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி துலக்குறதை மட்டும் விடக் கூடாது. தூங்கும்போது எச்சில் ஊறுறது குறையும், படலத்துக்குக் கொண்டாட்டம்.

பேஸ்ட்டே ஆகலேன்னா வெறும் தண்ணியில துலக்கிட்டு, வேற நேரத்துல 0.05 விழுக்காடு சோடியம் ஃப்ளூரைடு உள்ள, ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் 10 மி.லி. ஒரு நிமிஷம். துப்பினதும் தண்ணியால அலசிடாதீங்க. பேஸ்ட்டுக்கும் அதேதான்: நுரையைத் துப்புங்க, கொப்பளிச்சு ஃப்ளூரைடைக் கழுவி விடாதீங்க.

குமட்டலுக்குப் பயந்து மணிக்கொரு தரம் எதையாவது கொறிக்கிறவங்களுக்கு ஈறை விடச் சொத்தைதான் சீக்கிரம் வரும். எவ்வளவு இனிப்புங்கிறதை விட எத்தனை தடவைங்கிறதுதான் கணக்கு. கொறிச்சதும் தண்ணி ஊத்தி வாயை அலசிக்கச் சொல்லுங்க.

ரத்தம் ரொம்ப வந்தா ரெண்டு வாரம் குளோரெக்சிடின்ங்கிற கிருமிநாசினி மவுத்வாஷ் கொடுக்கலாம்.

----

ஈறும்_எலும்பும்:

கடைசி வரி மட்டும் எனக்குச் சம்மதமில்லை. குளோரெக்சிடினை ஸ்கேலிங்குக்குப் பதிலாகக் கொடுத்தால் ரத்தம் தற்காலிகமாக அடங்கும், "சரியாகிவிட்டது" என்று ஆள் திரும்ப வரமாட்டார். ஈறுக்கு அடியில் இருக்கும் காரை வரை அது இறங்குவதே இல்லை. ஸ்கேலிங் முடிந்த பிறகு, வலியில் துலக்க முடியாத நாட்களுக்குக் கொடுங்கள்: 0.2 விழுக்காடு என்றால் 10 மி.லி. ஒரு நிமிடம், 0.12 என்றால் 15 மி.லி. அரை நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, ஒன்றிரண்டு வாரம். ஆல்கஹால் இல்லாதது. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், அரை மணி இடைவெளி வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். ஏற்கெனவே வாய் கசக்கிறது என்பவரிடம் ருசியையும் கெடுக்க வேண்டாமே.

வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது இதமாக இருக்கும், செய்யலாம். படலத்தை அது எடுக்காது.

----

பல்_துப்புரவு:

சரி, ஒத்துக்கிறேன். ஸ்கேலிங் முடிச்ச பிறகுன்னு மாத்திப் படிச்சுக்குங்க.

----

சாய்வு_நாற்காலி:

எந்த மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். "நாலு முதல் ஆறு மாதம் வரைதான் பல் சிகிச்சை" என்பது விதியாகவே பரவிவிட்டது. அது வசதி, விதி அல்ல. 14 முதல் 20 வாரம் வரை குமட்டல் அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பெரிதாகியிருக்காது, உட்காரச் சுகம். அவ்வளவுதான். முதல் மூன்று மாதத்தில் ஸ்கேலிங் செய்யக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் இல்லை. அந்த வாரங்களில் கருச்சிதைவு இயல்பாகவே அதிகம். மறுநாள் ஏதாவது நடந்தால் பழி பல் மருத்துவர் மேல் விழும் என்கிற பயமும் இந்த 'விதி'க்குள் ஒளிந்திருக்கிறது, வெளியே சொல்வதில்லை. வீக்கம், சீழ், தூங்கவிடாத வலி என்றால் எந்த வாரமானாலும் அன்றே பார்க்க வேண்டியதுதான். சீழை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் ஆபத்து. பல்லை வெண்மையாக்குவது போன்ற அழகு வேலைகளை மட்டும் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

20 வாரம் தாண்டியவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை பெரிய சிரைக்குழாயை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். முகம் வெளுத்து, வியர்த்து, "மயக்கமாக வருகிறது" என்பார். வலது இடுப்புக்குக் கீழே 10 முதல் 12 செ.மீ. உயரத்தில் ஒரு தலையணை அல்லது மடித்த துண்டு வைத்து, உடம்பை இடப்பக்கம் 15 பாகை சாய்த்தால் இது வராது. வந்துவிட்டால் வேலையை நிறுத்தி இடது பக்கமாக முழுதாகத் திருப்பிப் படுக்க வைத்தால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். "நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையணை கேளுங்கள்" என்று குறிப்பில் ஒரு வரி சேருங்கள். கேட்டால்தான் சில இடங்களில் வரும்.

எக்ஸ்ரே: ஒரு பல்லுக்கு எடுக்கும் படத்தின் கதிர் தாடையை நோக்கிப் போகிறது. கருவுக்கு எட்டுவது 0.01 மில்லிகிரேயை (உடம்பு ஏற்கும் கதிரின் அளவு) விடவும் குறைவு. கருவுக்குத் தீங்கு பற்றிப் பேச ஆரம்பிக்கும் அளவு 50 மில்லிகிரே. தேவை இருந்தால் எடுக்கலாம், தேவை இல்லாமல் யாருக்குமே எடுக்கக் கூடாது. வேர் சிகிச்சையைப் படம் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்வது அதைவிட மோசம்.

மரப்பு ஊசி: 2 விழுக்காடு லிடோகெய்ன், 1:1,00,000 அட்ரீனலினுடன். ஒரு குப்பி 1.8 மி.லி., அதில் லிடோகெய்ன் 36 மி.கி. ஒரு பல்லுக்கு ஒன்றோ இரண்டோ குப்பி போதும். ஊசிமுனை ரத்தக்குழாய்க்குள் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றினால் அட்ரீனலினுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மரப்பு ஊசி இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கினால், உடம்பே அதைவிட அதிக அட்ரீனலினைச் சுரந்துவிடும். ஃபெலிப்ரெசின் கலந்த பிரைலோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தைத் தவிர்க்கிறோம். ஃபெலிப்ரெசின், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினுக்கு உறவுக்காரன்.

சொத்தை அடைப்பதற்குப் பாதரசக் கலவை வேண்டாம், வேறு பொருளில் அடைக்கலாம். ஏற்கெனவே பல்லில் நன்றாக இருக்கும் பாதரச அடைப்பைக் கர்ப்பத்தில் தோண்டி எடுக்கவும் வேண்டாம். தோண்டும்போதுதான் ஆவி கிளம்பும்.

----

மகப்பேறு_மருத்துவர்:

உங்கள் சந்தேகம் சரியானது. அந்தப் பெரிய எழுத்து வரியை எடுத்துவிடுங்கள்.

ஈறுநோய் முற்றிய தாய்மாரிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுதலாக இருப்பதை 1996-இல் வந்த ஓர் ஆய்வு கவனித்தது. தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. புகைப்பழக்கம், சர்க்கரை நோய் இரண்டுமே ஈறையும் கெடுக்கும், கர்ப்பத்தையும் கெடுக்கும். இதைச் சோதிக்க அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 21 வாரத்துக்குள் ஸ்கேலிங்கும் வேர்ச் சுத்திகரிப்பும் செய்தார்கள். மறு பிரிவுக்குப் பிரசவத்துக்குப் பின். முடிவு 2006-இல் வெளியானது. 37 வாரத்துக்கு முன் பிரசவம்: சிகிச்சை பெற்றவர்களில் 12.0 விழுக்காடு, பெறாதவர்களில் 12.8. வேறுபாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களின் ஈறு தெளிவாகத் தேறியது, சிகிச்சையால் கர்ப்பத்துக்குத் தீங்கும் இல்லை. ஆகவே குறிப்பில் எழுத வேண்டியது: "கர்ப்பத்தில் ஈறு சிகிச்சை பாதுகாப்பானது, ஈறையும் பல்லையும் காப்பாற்றும்." குறைப்பிரசவம் ஆன ஒரு தாய் உங்கள் பழைய வரியைப் படித்தால் தான் பல் துலக்காததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்வார். பயமுறுத்தித் துலக்க வைக்க வேண்டியதில்லை.

மருந்து: வலிக்கு முதலில் பாராசிட்டமால், 500 மி.கி. முதல் 1 கிராம், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். ஐப்யூபுரோஃபென், டைகுளோஃபெனாக் வகைகளைக் கைவசம் இருக்கிறதே என்று போடக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். 30 வாரத்தை நெருங்கினால் குழந்தையின் இதயத்தருகே பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். பல்வலிக் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு ஐப்யூபுரோஃபெனும் சேர்ந்தே வரும், அட்டையின் பின்பக்கம் படிக்கச் சொல்லுங்கள்.

சீழ் வைத்திருந்தால் சீழை வெளியேற்றுவதுதான் மருந்து, மாத்திரை துணைக்குத்தான். அமாக்சிசிலின் 500 மி.கி. மூன்று வேளை கொடுப்பது வழக்கம்; பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், மாற்று உண்டு. டெட்ராசைக்ளினும் டாக்சிசைக்ளினும் கூடாது, நான்காம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் பல்லில் நிரந்தரக் கறை விழும். ஈறுநோய்க்கு டாக்சிசைக்ளின் எழுதுவது வழக்கமான ஒன்று, அதனால் கர்ப்பம் என்பதை வாய் திறக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

ரத்த அழுத்தப் பிரச்சினைக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின், அல்லது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போடுபவர்கள் பல் சிகிச்சைக்காகத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இரு மருத்துவர்களும் பேசிக்கொள்ளட்டும்.

----

பேறுகால_செவிலி:

நன்றி, எல்லோருக்கும். விட்டுப்போனவை மூன்று. கால்சியக் கேள்வி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் காணும் என்ற பயம். ஈறில் சிவப்பாகக் கட்டி வந்து புற்றுநோயோ என்று கலங்குகிறவர்கள்.

----

ஈறும்_எலும்பும்:

கால்சியம்: பல் முளைத்த பிறகு அதிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் திரும்பிப்போக வழியே இல்லை. உணவில் பற்றாக்குறை என்றால் குழந்தைக்குப் போவது எலும்பின் இருப்பிலிருந்து. "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்" போனதாகத் தெரிவது, ஒன்பது மாதம் கவனிக்காமல் விட்ட படலமும் அமிலமும் பார்த்த வேலை.

ஆட்டம்: பல்லைப் பிடித்திருக்க வேண்டியது எலும்பும் தசைநாரும். எலும்பு கரைந்த பல்லைக் காரை சிமென்ட் பூசியது போல ஒட்டி நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஈறு வீக்கம் வடிவதால் இடுக்கும் பெரிதாகத் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். இதை ஸ்கேலிங்குக்கு முன்பே சொன்னால் விளக்கம், பின்பு சொன்னால் சமாளிப்பு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் 1 முதல் 3 மி.மீ. இறங்கினால் சரி. 4 என்றால், கர்ப்பத்தில் அது ஈறு உப்பியதால் வந்த பொய்யான ஆழமாகவும் இருக்கலாம், எலும்பு போயிருக்கவும் வாய்ப்புண்டு. பிரசவமாகி இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

கட்டி: இரண்டு பல்லுக்கு நடுவே, பெரும்பாலும் மேல்முன் பகுதியில், செக்கச் சிவந்து, தொட்டாலே ரத்தம் பீறிடும் சதை. 'கர்ப்பக் கட்டி' என்பது பழகிப்போன பெயர், புற்றுநோய் இல்லை. கர்ப்பிணிகளில் 5 விழுக்காடு வரை வருகிறது. அடியில் இருக்கும் காரையை எடுத்துச் சுத்தமாக வைத்திருந்தால் போதும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். சாப்பிடும்போது கடிபட்டாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ வெட்டி எடுக்கலாம், ஆனால் கர்ப்பத்திலேயே எடுத்தால் திரும்ப வர வாய்ப்புண்டு. பிரசவத்துக்குப் பிறகும் சுருங்காவிட்டால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

----

சாய்வு_நாற்காலி:

பக்கத்தின் தலைப்பிலேயே கட்டம் கட்டிப் போட வேண்டியது: வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்துக்கோ பரவுவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது. இதில் எது இருந்தாலும் பல் மருத்துவரின் அடுத்த நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது, நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

----

பேறுகால_செவிலி:

முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "ரத்தம் வருகிற இடம்தான் நன்றாகத் தேய்த்துத் துலக்க வேண்டிய இடம்."

----

பல்_துப்புரவு:

"நன்றாகத் தேய்த்து"ன்னு போட்டா பாத்திரம் விளக்குற மாதிரி தேய்ப்பாங்க. "மெதுவாக, கூடுதல் நேரம்"னு மாத்துங்க.